1464 போகிறது, 1465 போகவில்லை

ஜூன் மாதம் கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலை நடத்துகிறவர்கள் வீட்டுக்குப் போய்ப் படுப்பது அபூர்வம். பெங்களூரா மாங்காய் ஏற்றிய வண்டிகள் ஆலை வாசலிலிருந்து ரோடு வரைக்கும் நிற்கும். எடை போட்டு இறக்கிய வண்டிக்காரர் வாடகை கணக்கில் ஏறினால்தான் கிளம்புவார், அவர் கிளம்பினால்தான் அடுத்தவர் உள்ளே வர முடியும், வெயிலில் நின்ற பழம் யாருக்காகவும் காத்திருக்காது. சில வருஷங்களுக்கு முன்னால் அப்படி ஒரு ராத்திரி, எட்டரை மணி இருக்கும், ஓர் ஆலையின் கணக்கர் போன் செய்தார். "தம்பி, நெட்டு இருக்குது, ஆனா இல்ல" என்றார்.

இதைவிடச் சரியாக ஒரு கோளாறை யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆனால் அன்றைக்கு அது எனக்குப் புரியவில்லை. "மோடத்தை ஒருதரம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்கண்ணா" என்றேன். "மூணு தரம் பண்ணியாச்சு" என்றார். சரி என்று வண்டியை எடுத்தேன்.

அந்த ராத்திரிக்குத் திரும்பி வருகிறேன். அதற்கு முன்னால் இந்த வேலையை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும், அன்றைக்கு மூன்று மணி நேரம் நான் தடுமாறியதற்கும், கடைசியில் பிடித்ததற்கும் காரணம் அங்கேதான் இருக்கிறது.

டிப்ளமோ முடித்த கையோடு தர்மபுரியில் ஒரு கேமரா கடையில் சேர்ந்தேன். கேபிள் இழுப்பது, துளை போடுவது, முனையில் ஆர்ஜே45 பிளக் வைத்துக் கிரிம்ப் செய்வது (கம்பிகளை அதில் அழுத்திப் பிடிக்க வைப்பது), இதுதான் வேலை. வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஏன் பச்சையைப் பிரித்து நடுவில் நீலத்தை வைக்க வேண்டும் என்று மட்டும் தெரியாது, யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தால் கேபிள் நல்ல கேபிள்.

பாலக்கோடு பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டுக் கூடத்தின் கடைசிக் கேமரா மட்டும் படம் விட்டு விட்டு வந்தது. எழுபது மீட்டர் கேபிள். டெஸ்டரில் எட்டும் எரிகிறது. கேமராவை மாற்றினேன், அடாப்டரை மாற்றினேன், நெட்வொர்க் சுவிட்சை (கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டி) மாற்றினேன், மறுபடி புதுக் கேமராவை வைத்தேன். இரண்டு நாள் போனது. கடைசியில் முனையை உற்றுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, முன்னால் வேலை பார்த்தவர் நிறங்களை நேர் வரிசையில் வைத்துவிட்டார்: வெள்ளைப் பச்சைக்குப் பக்கத்திலேயே பச்சை, வெள்ளை நீலத்துக்குப் பக்கத்திலேயே நீலம். இரண்டு முனையிலும் ஒரே மாதிரி வைத்ததால் டெஸ்டருக்கு எல்லாம் சரி. ஆனால் நூறு மெகாபிட் வேகத்தில் பிளக்கின் 1, 2-ஆம் இடங்கள் ஒரு ஜோடி, 3, 6 இன்னொரு ஜோடி. கேபிளுக்குள் ஒவ்வொரு ஜோடியையும் முறுக்கி வைத்திருப்பது வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே அளவு ஏறி ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளட்டும் என்பதற்காக. நேர் வரிசையில் வைத்தால் 3-இல் வெள்ளைப் பச்சையும் 6-இல் நீலமும் வந்து உட்காரும், இரண்டும் வேறு வேறு முறுக்கு. சின்னக் கேபிளில் தாங்கிவிடும், எழுபது மீட்டரில் தாங்காது.

அன்றைக்குத்தான் டெஸ்டர் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று முதன்முதலாக யோசித்தேன். இந்த முனையில் தொட்ட கம்பி அந்த முனையில் வந்து சேர்கிறதா, அவ்வளவுதான் அதன் கேள்வி. நான் அதனிடம் வேறு ஒன்றைக் கேட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ரீஸ்டார்ட். எங்கள் தொழிலில் பாதிக் கோளாறு ரீஸ்டார்ட்டில் போய்விடும், அதனால்தான் கற்றுக்கொள்ள முடியாமல் போகிறது என்பது என் அபிப்பிராயம். ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் தினமும் காலையில் நாலைந்து கம்ப்யூட்டருக்கு நெட் வராது. ரீஸ்டார்ட் செய்தால் இரண்டு சரியாகும், இன்னொரு தரம் செய்தால் மற்றதும் சரியாகும். மூன்று மாதம் இப்படியே ஓடியது, மாதா மாதம் போய் ஏதாவது ஒன்றை மாற்றிவிட்டு வந்தேன். கடைசியில் நெட் வராத கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யாமல் அப்படியே வைத்து, அதன் ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அதன் அடையாள எண்ணை, பார்த்தேன். பக்கத்துக் கம்ப்யூட்டரின் முகவரிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, கேட்வேயும் (வெளியே போகும் வாசல்) வேறு. யாரோ மாடியில் வைஃபை வேண்டும் என்று வீட்டில் சும்மா கிடந்த ரூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து செருகியிருக்கிறார், அதுவும் முகவரி கொடுக்கத் தொடங்கிவிட்டது. கம்ப்யூட்டர் எழுந்ததும் எனக்கு ஒரு முகவரி கொடுங்கள் என்று எல்லோரையும் பார்த்துக் கூவும், முதலில் யார் பதில் சொல்கிறார்களோ அவர்கள் சொன்னதை எடுத்துக்கொள்ளும். டிஎச்சிபி அப்படித்தான் வேலை செய்கிறது. நான் மூன்று மாதம் செய்த ரீஸ்டார்ட் ஒவ்வொன்றும் சீட்டைக் குலுக்கி மறுபடி எடுத்த மாதிரி. நல்ல சீட்டு வந்த நாளில் சரி செய்துவிட்டேன் என்று கிளம்பியிருக்கிறேன்.

இந்தக் கதையைப் பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் தொலைபேசித் துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், அரூர், ஊத்தங்கரை பக்கமெல்லாம் மழையில் சைக்கிள் மிதித்து கேபிள் கோளாறு பார்த்தவர். கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. ஆனால் நான் சொல்லி முடிப்பதற்குள் கேட்டார்: "முதல்ல எங்க போய்ப் பாத்த?" கம்ப்யூட்டர்கிட்ட என்றேன். "ஏன் அங்க?" எனக்குப் பதில் தெரியவில்லை.

அவர் போனது எப்போதும் நடுவிலுள்ள பில்லர் பெட்டிக்கு. எக்ஸ்சேஞ்சிலிருந்து பில்லர், பில்லரிலிருந்து டிபி பெட்டி, அங்கிருந்து வீடு. போன் வேலை செய்யவில்லை என்று புகார் வந்தால் வீட்டுக்கும் போகமாட்டார், எக்ஸ்சேஞ்சுக்கும் போகமாட்டார், பில்லரைத் திறந்து சோதனைப் போனை மாட்டிக் கேட்பார். டயல் டோன் இருந்தால் எக்ஸ்சேஞ்சிலிருந்து இதுவரைக்கும் எல்லாம் நன்றாக இருக்கிறது, அந்தப் பக்கம் திரும்பியே பார்க்க வேண்டாம். இல்லை என்றால் வீட்டுப் பக்கம் இப்போதைக்கு வேண்டாம். ஒரு தரம் மாட்டினால் பாதி ஊர் கழிந்துவிடும். இன்னொன்றும் கேட்பார், யார் எந்தப் புகார் சொன்னாலும் அதேதான்: "நேத்து இருந்துச்சா? அதுக்கப்புறம் யாரு என்னா பண்ணாங்க?"

எட்டு வருஷம் புத்தகமும் வீடியோவும் பார்த்து எனக்கு வராத ஒன்று அந்தத் திண்ணையில் வந்தது. நெட்வொர்க் கோளாறு பார்ப்பது பதில்களை மனப்பாடம் செய்யும் வேலை என்று நினைத்திருந்தேன். இந்த அறிகுறி வந்தால் இந்த மருந்து. பெரியப்பாவிடம் மருந்துப் பட்டியல் எதுவும் இல்லை. எந்த இடத்தில் நின்று எதைக் கேட்டால், ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் பாதி கழியும் என்பதை மட்டும் யோசித்தார்.

அதற்குப் பிறகு பிங் கூட எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவ ஆய்வகம் ஒன்றில் வேலை பார்த்த மைக் மூஸ், நெட்வொர்க்கில் விசித்திரமாக ஏதோ நடக்கிறதே என்று கண்டுபிடிப்பதற்காகவே ஒரு ராத்திரியில் எழுதிய நிரல் அது, நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் ஒலியைத்தான் பெயராக வைத்தார். அதன் கேள்வி என்ன? ஒரு சின்னப் பேக்கெட் (நெட்டில் ஓடும் தகவல் துண்டு) போய்த் திரும்புகிறதா. சின்ன என்பதை நான் இங்கே சும்மா சொல்லவில்லை, விண்டோஸில் பிங் அனுப்பும் சரக்கு வெறும் 32 பைட்.

பேக்கெட் போகும் வழியைக் காட்டும் டிரேஸ்ரூட்டும் அப்படித்தான். ஒவ்வொரு பேக்கெட்டிலும் இத்தனை ரூட்டர் தாண்டலாம் என்று ஒரு எண் இருக்கும், ஒவ்வொரு ரூட்டரும் ஒன்றைக் கழிக்கும், பூஜ்யம் ஆனால் தூக்கிப் போட்டுவிட்டு, உன் பேக்கெட் என்னிடம் செத்தது என்று அனுப்பியவருக்குச் சொல்லும். அந்த எண்ணை வேண்டுமென்றே 1, 2, 3 என்று வைத்து அனுப்பினால் வழியிலுள்ள ரூட்டர்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் பெயரைச் சொல்லிவிடும். 1987-இல் வான் ஜேக்கப்சன் எழுதியது. இதில் நடுவில் ஒரு வரியில் நட்சத்திரம் வந்தவுடன் அங்கேதான் கோளாறு என்று நிறையப் பேர் போனில் சண்டை போடுகிறார்கள், நானும் போட்டிருக்கிறேன். கடைசி வரி ஒழுங்காக வருகிறது என்றால் நடுவிலுள்ள நட்சத்திரத்துக்கு அர்த்தம், அந்த ரூட்டர் பேக்கெட்டைக் கடத்துகிறது, நமக்குப் பதில் எழுத மட்டும் அதற்கு நேரமில்லை அல்லது அனுமதியில்லை என்பதுதான்.

தர்மபுரி பக்கத்தில் ஒரு கல்லூரியில் ஒருநாள் மத்தியானம் மொத்த நெட்வொர்க்கும் விழுந்தது. போய் ரேக்கைத் திறந்தால் எல்லாச் சுவிட்சிலும் எல்லா விளக்கும் ஒன்றாகச் சேர்ந்து துடிக்கிறது. சாதாரண நாளில் விளக்குகள் தனித்தனியாகச் சிமிட்டும், மழை தூறுகிற மாதிரி. இது தாளம் போடுகிற மாதிரி. ஒரு தரம் பார்த்தால் மறக்காது. எங்கோ கேபிள் வளையமாகிவிட்டது. ஐபி பேக்கெட்டில் இருக்கிற அந்தக் கழிக்கும் எண் ஈதர்நெட் சட்டகத்தில் (சுவிட்சுகள் கடத்தும் தகவல் துண்டு) கிடையாது, அதனால் எல்லோருக்கும் என்று அனுப்பிய ஒன்று வளையத்தில் மாட்டினால் சாகவே சாகாது, சுற்றிச் சுற்றிப் பெருகிக்கொண்டே இருக்கும். இதற்காகத்தான் ரேடியா பெர்ல்மன் 1985-இல், வளையம் இருந்தால் ஒரு பாதையை அடைத்துவிடும் ஸ்பேனிங் ட்ரீ முறையைக் கண்டுபிடித்தார். ஆனால் லேப்களில் கிடந்தது விலை குறைந்த சாதாரண சுவிட்சுகள், அவற்றுக்கு அது தெரியாது. மொத்தம் பன்னிரண்டு சுவிட்ச். ஆறு மேல்கேபிளைப் பிடுங்கினேன், துடிப்பு நிற்கவில்லை. மீதியில் மூன்றைப் பிடுங்கினேன், நின்றது. அந்த மூன்றில் ஒன்றொன்றாக மாட்டினேன், இரண்டாவதில் மறுபடி துடித்தது. நாலாவது நிமிஷம் லேபில் இருந்தேன். பெருக்கும்போது கீழே கிடந்த கேபிள் முனையை, பாவம், யாரோ நல்லெண்ணத்தில் எடுத்துச் சுவிட்சில் செருகியிருக்கிறார்கள். அதன் மறுமுனையும் அதே சுவிட்சில்தான் இருந்தது.

சரி, ஆலைக்கு வருகிறேன்.

போய்ச் சேர்ந்தபோது ஒன்பது மணி. கணக்கரின் கம்ப்யூட்டரில் செய்தித் தளங்கள் திறக்கின்றன, தேடினால் கிடைக்கிறது, வேகச் சோதனை போட்டால் நூறு மெகாபிட் முழுசாகக் காட்டுகிறது. வங்கித் தளம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஏற்றுமதிக் காகிதங்கள் ஏற்றும் தளமும் அப்படியே. வங்கியைப் பிங் செய்தால் அழகாகப் பதில் வருகிறது. வெளியே ஏழெட்டு வண்டிக்காரர்கள் பீடியோடு உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து "இன்னிக்கு ஆவுமா ஆவாதா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பெரியப்பா கேள்வியைக் கேட்டேன். காலையில்தான் பழைய லைனை எடுத்துவிட்டுப் புது ஃபைபர் லைன் போட்டார்கள் என்றார் கணக்கர். பதில் கையில் வந்துவிட்டது, நான்தான் அதைத் தள்ளிவிட்டேன். வேகச் சோதனை நூறு காட்டுகிறதே, லைன்மேல் குற்றமில்லை என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். பிறகு பிரவுசரை மாற்றினேன், டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபி முகவரியாக்கித் தரும் சேவை) மாற்றினேன், கேபிளை மாற்றினேன், ஆன்டிவைரஸை நிறுத்தினேன். பதினோரு மணி ஆயிற்று. கணக்கர் தன் செல்போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுத்தார், அதே கம்ப்யூட்டர், அதே தளம், உடனே திறந்தது. அவசரத்துக்கு அதிலேயே வண்டிக்காரர்களுக்குப் பணம் போட்டுவிட்டோம். வாசல் காலியானது, எனக்கும் மண்டை காலியானது, அப்போதுதான் நிதானமாக உட்கார்ந்தேன். ஹாட்ஸ்பாட் எனக்கு ஒரு பில்லர் பெட்டி. கம்ப்யூட்டர் நல்லது, வங்கி நல்லது. கோளாறு ஆலையின் ஃபயர்வாலுக்கும் (உள்ளே வருவதையும் வெளியே போவதையும் வடிகட்டும் காவல் பெட்டி) புது லைனுக்கும் நடுவில்தான்.

கேபிளில் ஓடும் பேக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக் காட்டும் ஒயர்ஷார்க் நிரலைத் திறந்தேன். ஜெரால்ட் கோம்ப்ஸ் 1998-இல் ஈதரியல் என்ற பெயரில் வெளியிட்டது, 2006-இல் பெயர் மாறியது, இன்றைக்கும் இலவசம். அதுவரை அதைத் திறந்து வண்ண வண்ணமாக ஓடுவதைப் பார்த்துவிட்டு மூடியிருக்கிறேனே தவிர, ஒரு கேள்வியோடு உட்கார்ந்ததில்லை. இந்த முறை வங்கியின் முகவரியை மட்டும் வடிகட்டி வைத்துக்கொண்டு, தளத்தை ஒரே ஒரு தரம் தட்டினேன். பத்துப் பன்னிரண்டு வரிதான் வந்தது. முதல் மூன்று வரி, இரண்டு பக்கமும் கை குலுக்கிக்கொள்வது, சரி. நாலாவது, எங்கள் பக்கத்திலிருந்து பாதுகாப்பு இணைப்புக்கான முதல் வணக்கம், போனது. ஐந்தாவது, வந்து சேர்ந்தது என்று வங்கி சொன்ன சின்ன ஒப்புதல், வந்தது. ஆறாவது வரி கறுப்பாக இருந்தது. இதற்கு முந்தைய துண்டு பிடிபடவில்லை என்று எழுதியிருந்தது.

அந்த வரியை எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியவில்லை. டிசிபி, அதாவது தகவலை வரிசை மாறாமல் கொண்டுசேர்க்கும் முறை, ஒவ்வொரு பைட்டையும் எண்ணி அனுப்பும். வங்கியிலிருந்து 1-ஆவது பைட்டை நாங்கள் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம். வந்த துண்டு 2921-இல் தொடங்குகிறது. நடுவில் 2920 பைட் காணோம். அப்படியானால் வங்கி பதில் அனுப்பியிருக்கிறது! முன்பாதி வரவில்லை, வால் மட்டும் வந்திருக்கிறது. கால்குலேட்டரை எடுத்து 2920-ஐ 1460-ஆல் வகுத்தேன். சரியாக இரண்டு. 1460 என்பது 1500 பைட் பேக்கெட்டில் தலைப்புகள் 40 பைட் போக மீதி சரக்கு. முழு அளவு பேக்கெட் இரண்டும் வழியில் காணாமல் போய், கடைசியில் வந்த குட்டித் துண்டு மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்திருக்கிறது. தொலைகிறவை எல்லாம் பெரியவை. பிங் ஏன் போகிறது என்று புரிந்தது, அது குட்டி. அந்த நேரத்தில் எனக்குள் ஓடிய சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

எவ்வளவு பெரியதுவரை போகும்? துண்டாக்காதே என்ற குறியைப் போட்டுப் பிங்கின் அளவை நானே வைத்தேன். 1472, பதிலில்லை. 1400, வந்தது. நடுவில் 1436, வந்தது. 1454, வந்தது. 1463, வந்தது. 1468, இல்லை. 1465, இல்லை. 1464, வந்தது. ஒரு பைட் வித்தியாசத்தில் கதவு திறந்து மூடுகிறது. 1464-உடன் பிங்கின் தலைப்பு 8, ஐபி தலைப்பு 20, மொத்தம் 1492. ஈதர்நெட்டின் 1500-இல் 8 குறைவு. புது லைன் பிபிபிஓஇ என்ற இணைப்பு முறையில் ஓடுகிறது, ஒவ்வொரு பேக்கெட்டின் முதுகிலும் அது 8 பைட்டை ஏற்றி வைக்கும், அதனால் உள்ளே 1492-க்குத்தான் இடம்.

இது இரகசியமான விஷயமே இல்லை. வழியில் இடம் போதவில்லை என்றால் அந்த இடத்திலுள்ள ரூட்டர், பெரிதாக இருக்கிறது, இவ்வளவுதான் போகும் என்று அனுப்பியவருக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும், அவர் அளவைக் குறைத்து மறுபடி அனுப்ப வேண்டும். 1990-இலேயே இந்த முறையை எழுதி வைத்துவிட்டார்கள். ரயில்வே கீழ்ப்பாலத்தில் கிரேட் உயரமாக அடுக்கிய வண்டி வந்தால் காவலாளி நிறுத்தி, ஒன்பதடிக்கு மேல் ஏற்றாதே என்று தோட்டத்துக்குச் சீட்டு எழுதி அனுப்புகிற மாதிரி. ஆனால் பாதுகாப்பு என்று நினைத்து அந்தச் சீட்டுகளையே வாசலில் மறித்துவிடும் ஃபயர்வால்கள் உலகம் முழுக்க உண்டு. சீட்டு போய்ச் சேராததால் தோட்டக்காரர் அதே உயரத்தில் அடுக்கிக்கொண்டே இருப்பார், வண்டி வந்துகொண்டே இருக்கும், போகாது. செய்தித் தளங்கள் திறந்தது அவை சீட்டைப் படிப்பதால் அல்லது முதலிலிருந்தே சிறிய துண்டாக அனுப்புவதால். இந்தத் தொல்லையைப் பற்றி 2000-இல் தனியாகவே ஓர் ஆவணம் வந்திருக்கிறது. எனக்கு அது தெரிந்திருந்தால் ஒன்பதரைக்கே வீட்டுக்குப் போயிருப்பேன், ஆனால் தெரியாமல் கண்டுபிடித்ததால்தான் இன்றைக்கும் அந்த எண்கள் மறக்கவில்லை.

மருந்து ஒரு வரி. கை குலுக்கும்போதே எனக்கு இந்த அளவில் அனுப்பு என்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொள்ளும், அந்த எண்ணை ஃபயர்வாலில் 1452 என்று திருத்தி அனுப்பச் சொன்னேன். 1452-உம் 40-உம் 1492. வங்கித் தளம் திறந்தது. கணக்கர் கையைக் கூப்பினார். நான் அந்த வரியை எடுத்துவிட்டேன். மறுபடி சுற்ற ஆரம்பித்தது. "ஏன் தம்பி, வந்ததக் கெடுக்கறீங்க?" என்று பதறிவிட்டார். "இதுதானான்னு ஒருதரம் பாத்துக்கறேண்ணா" என்று சொல்லி மறுபடி போட்டேன், திறந்தது. எனக்கு அந்த ராத்திரியின் முக்கியமான நிமிஷம் அதுதான், தளம் திறந்தபோது கூட இல்லை, வரியை எடுத்ததும் மறுபடி நின்றதே, அப்போது. மண்டபத்திலும் ஆஸ்பத்திரியிலும் ஒன்று சரியானதும் கிளம்பியிருக்கிறேன். கோளாறை நான் விரும்பியபோது வரவழைத்து, விரும்பியபோது அனுப்ப முடிந்தது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு எந்த இடத்திலும் இதைச் செய்யாமல் பையை மூடுவதில்லை, முதலாளி எவ்வளவு முறைத்தாலும்.

இதே ஆலையில் அடுத்த வருஷம் எடைமேடைக் கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது. எடைமேடை நூறு மீட்டருக்கு மேல் என்பதால் நடுவில் ஃபைபர் போட்டு இரண்டு பக்கமும் மீடியா கன்வர்ட்டர் (ஃபைபரையும் சாதாரணக் கேபிளையும் இணைக்கும் பெட்டி) வைத்திருந்தோம். பிங் ஒரு மில்லிசெகண்ட், ஃபைல் நகலெடுத்தால் ஊர்கிறது. இந்த முறை நேராகச் சுவிட்சின் எண்ணிக்கைப் பக்கத்தைப் பார்த்தேன், தாமதமான மோதல்கள் (இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசி இடித்துக்கொள்வது) ஏறிக்கொண்டே இருந்தன. கன்வர்ட்டரில் முழு டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் செய்வது) என்று கட்டாயமாக வைத்திருக்கிறது, சுவிட்ச் தானாகப் பேசிக்கொள்ளும் நிலையில். எதிர்ப்பக்கம் பேசாவிட்டால் வேகத்தைச் சுவிட்ச் தெரிந்துகொள்ளும், டூப்ளெக்ஸைத் தெரிந்துகொள்ள வழியில்லை, அதனால் பாதி என்று வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. ஒருவர் கேட்டுக்கொண்டே பேசுகிறார், இன்னொருவர் கேட்டு முடித்துத்தான் பேசுகிறார். ஒற்றைப் பிங்குக்கு இது உறைக்காது.

கிரானைட் பட்டறை ஒன்றில் பாலிஷ் மெஷின் ஓடும் நேரத்தில் மட்டும் ஆபீஸ் நெட் விழும். மோட்டார் ஒயரோடு சேர்த்தே நெட் கேபிளைக் கட்டியிருந்தார்கள். மெஷினை ஓட்டச் சொன்னேன், சிஆர்சி பிழை (வழியில் சிதைந்து வந்தவற்றின் எண்ணிக்கை) ஏறியது, நிறுத்தச் சொன்னேன், நின்றது. மூன்று தரம். ஃபைபர் போட்டோம்.

கற்றுக்கொள்ள விரும்பும் பசங்க நிறையப் பேர் எந்த கோர்ஸ் படிக்கலாம் என்று கேட்கிறார்கள். கோர்ஸ் படியுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பெங்களூரு எஸ்பி ரோடு ஓசூர் தாண்டினால் வந்துவிடும், அங்கே பழைய மேனேஜ்டு சுவிட்ச் (உள்ளே போய் அமைப்பை மாற்றவும் எண்ணிக்கைகளைப் பார்க்கவும் முடிகிற வகை) இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள், பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ் போட்டு அதை ரூட்டராக நடுவில் வையுங்கள். நானும் என் மச்சானும் ஞாயிற்றுக்கிழமைகளில் இதைத்தான் செய்தோம். ஒருவர் கோளாறை ஒளித்து வைப்பார், என்ன செய்தோம் என்று ஒரு சீட்டில் எழுதி மடித்து டப்பாவில் போட்டுவிடுவார், இன்னொருவர் கண்டுபிடிக்க வேண்டும். லினக்ஸில் நெட்எம் என்று ஒன்று இருக்கிறது, அதில் நூற்றுக்கு இரண்டு பேக்கெட்டைத் தொலை, முந்நூறு மில்லிசெகண்ட் தாமதப்படுத்து என்று சொன்னால் அப்படியே செய்யும். ஒருநாள் மச்சான் ஒரு கம்ப்யூட்டரில் சப்நெட் மாஸ்க்கின் (எந்த முகவரிகள் தன் பக்கத்தில் இருக்கின்றன என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் எண்) கடைசி எண்ணை 0-க்குப் பதில் 128 என்று மாற்றிவிட்டார். 20-ஆம் எண் கம்ப்யூட்டரிலிருந்து 100-க்குப் போகிறது, 200-க்குப் போகவில்லை, நெட் வருகிறது. ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன். இன்றைக்கு ஒரு பாதி வேலை செய்கிறது, மறுபாதி வேலை செய்யவில்லை என்று யார் சொன்னாலும் முதலில் மாஸ்க்கைப் பார்க்கிறேன்.

நோட்டு ஒன்று கட்டாயம் வேண்டும். அவர்கள் சொன்னது ஒரு பக்கம், நான் கண்ணால் பார்த்தது எதிர்ப்பக்கம். இரண்டையும் கலக்கவே கூடாது. நெட் ஸ்லோ என்பது அவர்கள் சொன்னது, 2921 என்பது நான் பார்த்தது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, என்ன ஆயிற்று என்று எழுதிவிட்டு, பயன் இல்லை என்றால் பழையபடி வைத்துவிட்டுத்தான் அடுத்தது. ஆலையில் அன்றைக்கு நான் மாற்றிய டிஎன்எஸ்ஸைத் திருப்பி வைக்க மறந்து, அது பத்து நாள் கழித்து வேறொரு தொல்லையாக வந்து நின்றது.

எல்லாப் பெட்டியின் கடிகாரத்தையும் ஒன்றாக வையுங்கள் என்றும் சொல்வேன். போன வாரம் ராயக்கோட்டை ரோட்டில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் கேமராப் பதிவு ராத்திரி இரண்டு மணிக்கு நிற்கிறது என்று கூப்பிட்டார்கள். ரூட்டர் நடந்ததை எழுதி வைக்கும் லாக்கில் அந்த நேரத்தில் ஒன்றுமே இல்லை. பிறகுதான் கவனித்தேன், ரூட்டர் கிரீன்விச் நேரத்தில் எழுதுகிறது, நம்முடைய இரண்டு மணி அதற்கு முந்தின நாள் இரவு எட்டரை. அங்கே பார்த்தால் அந்த ஒரு போர்ட் மட்டும் விழுந்து எழுந்திருக்கிறது, வாரத்தில் மூன்று நாள், சொல்லி வைத்த மாதிரி பதினான்கு நிமிஷம்.

கம்ப்ரசர் என்று கிடங்குக்காரர் சொல்கிறார். யூபிஎஸ் என்று என்னோடு வேலை செய்யும் பையன் சொல்கிறான், சுவிட்சை மாற்றிவிடலாமா அண்ணா என்று இரண்டு தரம் கேட்டுவிட்டான். எதையும் தொடாதே என்று சொல்லியிருக்கிறேன். அந்தப் போர்ட்டில் ஓடும் பேக்கெட்டுகளின் நகலை ஒரு பழைய லேப்டாப்புக்குத் திருப்பி, நூறு மெகாபைட் ஃபைல்கள் இருபது, நிரம்பினால் பழையது அழிந்து புதியது எழுதும்படி ஓடவிட்டு வந்திருக்கிறேன். சுவிட்ச் பக்கத்தில் ஒரு மின்னழுத்தப் பதிவு மீட்டரும் வைத்தாயிற்று. இன்றைக்கு வியாழன், நோட்டுப்படி இன்று ராத்திரி விழ வேண்டும். காலையில் ஆறரைக்குப் பையனையும் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறேன்.